போர்டைச் சொருகிய பிறகு: ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கமும் ஆர்டுயினோ கற்றுக்கொள்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பாலிடெக்னிக்கில் கடைசி வருட புராஜெக்ட் செய்கிறவர்கள், பள்ளியின் அடல் டிங்கரிங் லேபில் முதன்முதலாகப் போர்டைத் தொட்டவர்கள், மல்லிகைத் தோட்டத்தில் மண்ணின் ஈரம் பார்த்துத் தண்ணீர் விட நினைக்கும் விவசாயிகள் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

முதல் நாளில் லைட் மின்னாமல் போனதும் "எனக்கு புரோகிராமிங் வராது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் அன்றைக்கு அவர்கள் புரோகிராமிங் பக்கமே போயிருக்க மாட்டார்கள். லேப்டாப்பிலிருந்து சிப் வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது: கேபிள், யூஎஸ்பி சிப், டிரைவர் (அந்தச் சிப்போடு பேச லேப்டாப்புக்கு உதவும் மென்பொருள்), போர்ட் (லேப்டாப்பில் அந்த இணைப்புக்குக் கிடைக்கும் பெயர்), போர்டு பெயர், பூட்லோடர் (நிரலை வாங்கிக்கொள்ளச் சிப்பில் இருக்கும் குட்டி நிரல்). சொட்டுநீர்க் குழாயில் அடைப்பைத் தேடுவதுபோல ஒரு முனையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பதில்களும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகின்றன.

அக்கா, ஆர்டுயினோன்னா போர்டா, சாஃப்ட்வேரா?

இரண்டுக்கும் அதே பெயர். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்று தொடங்கியது. போர்டில் இருப்பது ஒரு சிறு கணினிச் சிப். ஊனோ போர்டு (ஆர்3) என்றால் ஏடிமெகா328பி: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம். அந்தச் சிப்புக்கு நாம் எழுதும் நிரலை அதற்குப் புரியும்படி மாற்றி உள்ளே அனுப்பும் மென்பொருள்தான் ஆர்டுயினோ ஐடிஇ. அது இலவசம். லைசென்ஸ் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் போர்டாக எதை வாங்குவது என்றால், என் பதில் ஊனோதான். வைஃபை தேவைப்படும் நாளில் ஈஎஸ்பி32க்குப் போகலாம். அது இன்னும் பெரிய சிப், ஆனால் அமைப்பதில் சிக்கலும் கூடுதல், அதன் பின்கள் (ஒயர் மாட்டும் முனைகள்) 3.3 வோல்ட்டைத்தான் தாங்கும். ஊனோவுக்கு 5 வோல்ட். 5 வோல்ட் சென்சாரை ஈஎஸ்பி32 பின்னில் நேரடியாக மாட்டிச் சிப்பைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

கடையில வாங்குனது ஒரிஜினல் இல்ல, டூப்ளிகேட்டாம். அதனாலதான் வேலை செய்யலையா?

இல்லை. ஊனோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது, அதைப் பார்த்து யாரும் போர்டு செய்து விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயரையும் முத்திரையையும் போடுவதுதான் தவறு. டவுன்ஹால் ரோடு பக்கம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்டிலும் பெரிய சிப் அதே ஏடிமெகா328பிதான். வித்தியாசம் யூஎஸ்பி சிப்பில். ஒரிஜினல் ஊனோவில் ஏடிமெகா16யூ2 என்ற சிப் அந்த வேலையைச் செய்கிறது, மலிவான போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340. அதற்கு வேறு டிரைவர் வேண்டும், அவ்வளவுதான்.

பச்சை லைட் எரியுது. ஆனா ஐடிஇயோட டூல்ஸ் மெனுல போர்ட்டே வரலையே?

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். லைட் எரிகிறது என்றால் கரண்ட் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் கரண்டுக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி இருக்க வேண்டும். டிரிம்மர், ஹெட்செட், பவர்பேங்க் கூட வரும் கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பியே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சோதிப்பது சுலபம். அதே கேபிளில் உங்கள் ஃபோனை லேப்டாப்போடு இணைத்து ஒரு படத்தை நகலெடுத்துப் பாருங்கள். ஃபோன் சார்ஜ் மட்டும் ஏறினால் அந்தக் கேபிளைத் தூரப் போடுங்கள். ஊனோவுக்கு வரும் சதுரத் தலைக் கேபிள் பிரிண்டருக்கும் வருவதுதான், பிரிண்டர் இருந்தால் மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் போர்டைச் சொருகியதும் ஒரு சத்தம் வர வேண்டும். சத்தமே வரவில்லை என்றால் ஐடிஇயைத் திரும்ப நிறுவிப் பயனில்லை, பிரச்சினை அங்கே வரவே இல்லை.

கேபிள்ல படம் போகுது அக்கா. விண்டோஸோட டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் காட்டுது.

அப்படியானால் கேபிளும் யூஎஸ்பி சிப்பும் உயிரோடு இருக்கின்றன, டிரைவர்தான் இல்லை. போர்டில் யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பின் மேல் எழுத்து இருக்கும். ஃபோன் கேமராவில் ஜூம் செய்து படியுங்கள். சிஎச்340 என்றால் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் டிரைவர், சிபி2102 என்றால் சிலிக்கான் லேப்ஸ், எஃப்டி232 என்றால் எஃப்டிடிஐ. ஈஎஸ்பி32 போர்டுகளில் சிபி2102, சிஎச்340 இரண்டுமே வருகின்றன, பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரைவரைச் சிப் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். "எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

நேற்று வரை ஓடியது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றும் சிலர் வருவார்கள். இதற்குப் பெரிய முன்னுதாரணமே உண்டு. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி எஃப்டி232 சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றிவிட்டது. உலகம் முழுக்க நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் நின்றன. பிறகு அந்த டிரைவர் விலக்கிக்கொள்ளப்பட்டது. சிஎச்340 போர்டு உள்ளவர்கள், போர்ட் தெரிகிறது ஆனால் திறக்க மறுக்கிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பிராப்பர்ட்டீஸ் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

போர்ட் லிஸ்ட்ல காம்3, காம்4, காம்7னு மூணு இருக்கு. எது என்னோடது?

போர்டைக் கழற்றுங்கள், லிஸ்டைப் பாருங்கள். திரும்பச் சொருகுங்கள், லிஸ்டைப் பாருங்கள். புதிதாக வந்தது எதுவோ அதுதான். மற்றவை பெரும்பாலும் லேப்டாப்பின் புளூடூத் உருவாக்கிய போர்ட்கள். அதைத் தேர்ந்தெடுத்து அப்லோட் கொடுத்தால் வெகுநேரம் சுற்றிவிட்டுப் பிழை காட்டும். வேறு யூஎஸ்பி துளையில் சொருகினால் எண் மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் அப்லோட் பண்ணாமலே லைட் மின்னுது. அப்ப எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தமா?

போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் லேப்டாப் அதனோடு பேசுகிறது என்று அர்த்தமில்லை. பல போர்டுகளில் லைட்டை மின்ன வைக்கும் பிளிங்க் நிரலைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். அதனால் அதே பிளிங்க்கை நீங்கள் ஏற்றினால் ஏறியதா இல்லையா என்றே தெரியாது. எக்ஸாம்பிள்ஸில் பிளிங்க்கைத் திறந்து, டிலே என்ற இடத்தில் 1000 இருப்பதை 100 ஆக்கி அப்லோட் செய்யுங்கள். லைட் படபடவென்று மின்னினால் பாதை முழுதும் திறந்துவிட்டது.

ஈஎஸ்பி32இல் இதைச் செய்யும்போது ஒன்று கவனியுங்கள். பல போர்டுகளில் அந்த லைட் 2ஆம் பின்னில் இருக்கும், சிலவற்றில் அப்படி ஒரு லைட்டே இருக்காது. "டன் அப்லோடிங்" என்று வந்தும் மின்னவில்லை என்றால் போர்டைக் குறை சொல்லும் முன் வெளியே ஒரு எல்இடியை ரெசிஸ்டரோடு மாட்டிப் பாருங்கள்.

"ஆக்சஸ் இஸ் டினைடு"ன்னு வருது. எனக்கு அட்மின் பாஸ்வேர்டு தெரியாதே, அக்கா?

பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது. இரண்டாவது ஐடிஇ ஜன்னலின் சீரியல் மானிட்டர் (போர்டு அனுப்பும் எழுத்தைக் காட்டும் பெட்டி), 3டி பிரிண்டர் மென்பொருள், பைத்தான் நிரல் என்று எது திறந்திருந்தாலும் மூடுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் போர்டைக் கழற்றி மாட்டுங்கள். லினக்ஸில் இதேபோல அனுமதி இல்லை என்று வந்தால் காரணம் வேறு, அதைக் கீழே லினக்ஸ் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

பையன் இதுக்குன்னு புது லேப்டாப் கேக்குறான்மா. வாங்கித்தான் ஆகணுமா?

வேண்டியதில்லை, ஐயா. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் ஊனோவுக்கு அதுவே போதும். மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: ஐடிஇயின் 2ஆம் பதிப்பு 2022இல் வந்தது, அதற்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் புதியது வேண்டும். விண்டோஸ் 7இலோ 32 பிட்டிலோ அது ஓடாது. பழைய வரிசையின் கடைசிப் பதிப்பான 1.8.19ஐ இறக்குங்கள். பார்க்கப் பழசாக இருக்கும், ஊனோவுக்கும் அதன் குட்டி வடிவமான நானோவுக்கும் எதுவும் குறையாது. ரேம் குறைந்த லேப்டாப்பில் அதுதான் லேசாகவும் ஓடும்.

லேப்டாப்பே இல்ல. ஃபோன் மட்டும்தான் இருக்கு. கத்துக்க முடியாதா?

முடியும், தாராளமாக. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஓடிஜி இணைப்பு (யூஎஸ்பி கருவியை ஃபோனில் மாட்டும் வசதி) இருந்தால் ஆர்டுயினோட்ராய்டு என்ற செயலி மூலம் ஊனோ, நானோவில் நிரல் ஏற்றலாம். போர்டும் இல்லை என்றால் டிங்கர்கேட், வோக்வி ஆகிய தளங்களில் பிரவுசரிலேயே சுற்று அமைத்து, நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். வோக்வியில் ஈஎஸ்பி32கூட உண்டு. ஃபோன் திரையில் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் அதில் எழுதிய நிரல் பிறகு உண்மையான போர்டிலும் அப்படியே ஓடும்.

சிவப்பு எழுத்துல "நாட் இன் சிங்க்"னு பத்து வரி வருது. ஐடிஇயை மூணு தடவை அழிச்சுப் போட்டுட்டேன்.

ஐடிஇயை அழித்துப் போட வேண்டியதே இல்லை. இந்தப் பிழை சொல்வது ஒன்றுதான்: நான் போர்ட்டைத் திறந்து கூப்பிட்டேன், அந்தப் பக்கம் சிப் பதில் சொல்லவில்லை. அப்லோட் தொடங்கும்போது லேப்டாப் சிப்பை ரீசெட் செய்கிறது. எழுந்ததும் பூட்லோடர் என்ற குட்டி நிரல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கும். அந்த நேரத்துக்குள் சரியான வேகத்தில் பேசினால்தான் பதில் வரும். ஆகவே சரிபார்க்க வேண்டியவை குறைவு. டூல்ஸில் போர்டு பெயர் சரியா? 0, 1 ஆகிய பின்களில் ஏதாவது மாட்டியிருக்கிறதா? அந்த இரண்டும் லேப்டாப் பேசும் அதே கம்பிகள். புளூடூத் மாட்யூலை அதில் மாட்டி வைத்துக்கொண்டு அப்லோட் கொடுத்தால் ஏறாது. கழற்றி, ஏற்றி, பிறகு மாட்டுங்கள்.

நானோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200இல். 2018இலிருந்து ஆர்டுயினோ நிறுவனம் விற்கும் நானோவில் புதியது, ஆனால் மலிவான நானோக்களில் இன்றும் பழையதுதான் அதிகம். டூல்ஸில் பிராசசர் என்ற இடத்தில் 'ஓல்ட் பூட்லோடர்' தேர்ந்தெடுங்கள். நானோ கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கிளிக்கில் தீர்ந்துவிடுகின்றன.

இதெல்லாம் பார்த்தும் ஏறவில்லை என்றால் அடைப்பு எந்தப் பாதியில் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஊனோவில் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு ஒயரால் இணையுங்கள், இதனால் பெரிய சிப் தூங்கிவிடும். 0ஐயும் 1ஐயும் இன்னொரு ஒயரால் இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து "வணக்கம்" என்று தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், யூஎஸ்பி சிப், டிரைவர், போர்ட் நான்கும் சரி. பிரச்சினை பெரிய சிப்பிலோ அதன் பூட்லோடரிலோ நீங்கள் தேர்ந்தெடுத்த போர்டு பெயரிலோ இருக்கிறது. திரும்பி வராவிட்டால் கேபிள் கேள்விக்கே திரும்பப் போங்கள்.

ஈஎஸ்பி32ன்னு தேடுனா போர்டு லிஸ்ட்ல பேரே இல்ல. அப்புறம் வந்தாலும் டவுன்லோட் பாதியில நிக்குது.

ஐடிஇயோடு ஈஎஸ்பி32 ஆதரவு சேர்ந்து வருவதில்லை. போர்டுகளை நிறுவும் இடமான போர்ட்ஸ் மேனேஜரில் தேடியும் எஸ்பிரெசிஃப் பெயரில் அது வரவில்லை என்றால், சிப்பைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஆவணப் பக்கத்தில் ஜேசன் என்று முடியும் ஒரு முகவரி இருக்கும். அதை நகலெடுத்து, பிரிஃபரன்சஸில் 'அடிஷனல் போர்ட்ஸ் மேனேஜர்' பெட்டியில் ஒட்டுங்கள். பிறகு போர்ட்ஸ் மேனேஜரில் தேடினால் ஒரே மாதிரி இரண்டு வரும். ஒன்று ஆர்டுயினோ நிறுவனத்தினுடையது, அது அவர்களின் நானோ ஈஎஸ்பி32 போர்டுக்கானது. நமக்கு வேண்டியது எஸ்பிரெசிஃப் சிஸ்டம்ஸ் என்று போட்டிருப்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இது சில நூறு மெகாபைட் அளவு. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் "டெட்லைன் எக்சீடட்" என்று நிற்கும். நெட் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஐடிஇ தானாக வைத்திருக்கும் நேரக் கெடு முடிந்துவிட்டது. விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் ஆர்டுயினோஐடிஇ ஃபோல்டர் இருக்கும். அதில் ஆர்டுயினோ-சிஎல்ஐ என்ற யாம்ல் ஃபைலை நோட்பேடில் திறந்து, கடைசியில் நெட்வொர்க் என்று ஒரு வரியும், அதன் கீழே இடம் விட்டு கனெக்‌ஷன் டைம்அவுட் 600 வினாடி என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும். சரியான எழுத்துகள் ஆர்டுயினோவின் உதவிப் பக்கத்தில் இருக்கின்றன, அங்கிருந்து நகலெடுங்கள், கையால் தட்டினால் இடைவெளி பிசகும். சேமித்துவிட்டு ஐடிஇயை மூடித் திறந்து மறுபடி நிறுவுங்கள்.

ஒரே வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் இறக்க வேண்டியதில்லை. ஒருவர் கணினியில் ஆப்டேட்டா, லோக்கல் என்ற ஃபோல்டர்களுக்குள் ஆர்டுயினோ15 என்று இருக்கும். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்டது, வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும். அதைப் பென்டிரைவில் எடுத்து மற்ற விண்டோஸ் கணினிகளில் அதே இடத்தில் வைத்தால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் டவுன்லோட் தொடங்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"கனெக்டிங்"னு புள்ளி புள்ளியா ஓடிட்டு அப்புறம் ஃபெயில்னு வருது.

போர்டில் பூட் என்று எழுதிய பட்டனை, கனெக்டிங் வந்ததும் அழுத்திப் பிடியுங்கள். சதவீதம் ஓட ஆரம்பித்ததும் விடுங்கள். நிரலை வாங்கும் நிலைக்குச் சிப் தானாகப் போகாதபோது நாம் கையால் அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் பிடிப்பது தொந்தரவாக இருந்தால் ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், மைனஸ் கால் கிரவுண்டுக்கு. பல போர்டுகளில் அது பிரச்சினையை முடித்துவிடும்.

சென்சார் எல்லாம் கழற்றினால் ஏறுகிறது, மாட்டினால் ஏறவில்லை என்றால் பின் எண்ணைப் பாருங்கள். 0, 2, 12, 15 ஆகியவற்றைச் சிப் எழும்போதே படித்து எப்படித் தொடங்குவது என்று முடிவு செய்கிறது. 12ஐ வெளியிலிருந்து மேலே (3.3 வோல்ட்டுக்கு) இழுத்தால் பல போர்டுகள் எழவே எழாது. 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, தொடக் கூடாது. 34, 35, 36, 39 உள்ளீட்டுக்கு மட்டும், அதில் ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) மாட்டினால் அசையாது.

வைஃபை ஆன் ஆனவுடனே ரீஸ்டார்ட் ஆகுது. "பிரவுன்அவுட்"னு ஏதோ எழுதுது.

கரண்ட் பற்றவில்லை. வைஃபை எழும் நொடியில் சிப் நிறைய இழுக்கும். கேபிள் மெலிசாகவோ நீளமாகவோ இருந்தால் வோல்ட்டேஜ் இறங்கிவிடும், சிப் தன்னைக் காத்துக்கொள்ள ரீசெட் ஆகிறது. குட்டையான நல்ல கேபிள் போடுங்கள், ஹப் வழியாகச் சொருகாதீர்கள், ரிலேவுக்கும் மோட்டாருக்கும் தனி சப்ளை கொடுங்கள். பிரவுன்அவுட் சோதனையையே நிறுத்திவிடும் வரியை நிரலில் சேர்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அது வலியை மறைப்பது மட்டும்தான், செய்யாதீர்கள்.

டிஎச்டி11 கோட் போட்டா "நோ சச் ஃபைல்"னு வருது. ஃபைல் எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, உங்களிடம் வரவே இல்லை. டிஎச்டி11 என்பது வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் அளக்கும் சென்சார், அதற்கான லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) தனியாக நிறுவ வேண்டும். லைப்ரரி மேனேஜரில் டிஎச்டி என்று தேடினால் பல பேர் எழுதியவை வரும். உங்கள் நிரல் எதற்காக எழுதப்பட்டதோ அதையே போடுங்கள். அடாஃப்ரூட் எழுதியதைப் போட்டால் கூடவே யூனிஃபைட் சென்சார் என்ற இன்னொன்றும் வேண்டுமா என்று கேட்கும், 'இன்ஸ்டால் ஆல்' கொடுங்கள்.

நிறுவிய பிறகும் அதே பிழை என்றால் ஃபோல்டரைப் பாருங்கள். விண்டோஸ் உங்கள் டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவுக்குள் மாற்றி வைத்திருக்கலாம், அப்போது லைப்ரரி ஃபைல்கள் கணினியில் இல்லாமல் மேகத்தில் இருக்கும். பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தாலும் சில கருவிகள் தடுமாறும். எனக்கு இது பிடிக்கவில்லை, நம் மொழியில் பெயர் வைக்க முடிய வேண்டும். ஆனால் இப்போதைக்குப் பிரிஃபரன்சஸில் ஸ்கெட்ச்புக் இடத்தை சி டிரைவில் இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் ஃபோல்டருக்கு மாற்றுவதே வழி.

வீடியோல அவருக்கு ஓடுது. அதே கோட் எனக்கு எர்ரர். ஏஐகிட்ட கேட்டாலும் அதே கோட்தான் குடுக்குது.

நீங்கள் எதையும் தப்பாகத் தட்டவில்லை. 2024இல் ஈஎஸ்பி32க்கான ஆர்டுயினோ தொகுப்பு 3.0 ஆனபோது சில கட்டளைகளை நீக்கிவிட்டார்கள். எல்இடியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முன்பு எல்இடிசிசெட்டப், எல்இடிசிஅட்டாச்பின் என்று இரண்டு இருந்தன. இப்போது இரண்டும் சேர்ந்து எல்இடிசிஅட்டாச் என்ற ஒன்றே. எல்இடிசிரைட்டில் முன்பு சேனல் எண் கொடுப்போம், இப்போது பின் எண் கொடுக்க வேண்டும். டைமர் கட்டளைகளும் மாறின. அதற்கு முன் எடுத்த வீடியோக்களும் அவற்றைப் படித்துப் பழகிய ஏஐயும் பழைய முறையைத்தான் சொல்லும்.

இரண்டு வழி. புராஜெக்டை நாளைக்கே காட்ட வேண்டும் என்றால் போர்ட்ஸ் மேனேஜரில் பதிப்பு எண் பெட்டியைத் திறந்து 2.0.17ஐ நிறுவுங்கள், பழைய நிரல் அப்படியே ஓடும். நேரம் இருந்தால் புதிய கட்டளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சில வரிகள்தான். ஏஐயிடம் கேட்கும்போதும் 3.0க்கு வேண்டும் என்று பதிப்பைச் சொல்லிக் கேளுங்கள், பதில் மாறும்.

சீரியல் மானிட்டர்ல கட்டம் கட்டமா, கேள்விக்குறியா வருது.

நிரலில் சீரியல் பிகின் என்ற இடத்தில் எழுதிய வேகமும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், 9600 அல்லது 115200. ஈஎஸ்பி32க்கு முந்தைய ஈஎஸ்பி8266 போர்டில் தொடக்கத்தில் மட்டும் ஒரு வரி குப்பையாக வரும். அது 74880 வேகத்தில் வரும் செய்தி, கண்டுகொள்ள வேண்டாம்.

உபுண்டுல போர்ட்டே திறக்க மாட்டேங்குது. டிரைவர் தேவையில்லன்னு சொன்னாங்களே?

டிரைவர் தேவையில்லை, அனுமதி தேவை. உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு, முழுதாக லாக்அவுட் ஆகி உள்ளே வாருங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது.

உபுண்டு 22.04இல் சிஎச்340 போர்டைச் சொருகியதும் ஒரு கணம் தோன்றி மறைந்தால் காரணம் வேறு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் நிரல் ஒன்று, அதே அடையாள எண் கொண்ட சிப் என்பதால், நம் போர்டைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி யாரும் பயன்படுத்தாத கணினி என்றால் அந்த நிரலை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறவர் இருந்தால் நீக்காதீர்கள், வேறு யூஎஸ்பி சிப் உள்ள போர்டை வாங்குங்கள்.

தோட்டத்து மோட்டாருக்கு ரிலே வச்சிருக்கேம்மா. அப்லோட் பண்ணும்போதெல்லாம் ரிலே டக்குனு அடிக்குது.

இது ஆபத்து, ஐயா. 'நாட் இன் சிங்க்' பதிலில் சொன்னபடி அப்லோட் என்றால் ரீசெட். ஊனோவில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே ரீசெட் ஆகும். அந்தச் சில நொடிகளில் பின்கள் யார் சொல்லும் கேட்காமல் மிதக்கும். ஈஎஸ்பி32இல் சில பின்கள் எழும்போதே மேலே போய் இறங்கும். ரிலே அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது, கிணற்றடியில் ஆள் கை வைத்திருக்கும்போது மோட்டார் ஓடிவிடக்கூடும்.

ஆகவே நிரல் ஏற்றுவதை வீட்டில், யூஎஸ்பியில் மட்டும் வைத்துச் செய்யுங்கள். மோட்டார் ரூமில் த்ரீ ஃபேஸ் இருக்கும்போது லேப்டாப்பை இணைக்காதீர்கள், மெயினை இறக்கிய பிறகுதான் போர்டைத் தொட வேண்டும். ரிலே எந்த நிலையில் அணைந்திருக்குமோ அந்த நிலைக்குப் பின்னை இழுத்து வைக்க 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். மேலே போனால் ஆன் ஆகும் ரிலே என்றால் கிரவுண்டுக்கு, கீழே போனால் ஆன் ஆகும் வகை என்றால் சப்ளைக்கு. குட்டி ரிலே மோட்டாரை நேரடியாக இயக்கக் கூடாது, ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், அந்த இணைப்பை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஸ்டார்ட்டரில் கையால் நிறுத்தும் சிவப்பு பட்டன் எப்போதும் வேலை செய்ய வேண்டும்.

எல்லாம் பாத்துட்டேன். போர்டு செத்துருச்சா?

விண்டோஸில் சொருகும் சத்தமும் வரவில்லை, இரண்டு நல்ல கேபிளிலும் இரண்டு கணினியிலும் போர்ட் வரவில்லை என்றால் யூஎஸ்பி சிப் போயிருக்கலாம். சொருகியதும் பெரிய சிப் கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே கழற்றுங்கள், அது பிழைப்பது கஷ்டம். ஆனால் மேலே சொன்ன "வணக்கம்" சோதனையில் தேறிய ஊனோவைத் தூக்கிப் போடாதீர்கள். பூட்லோடர் மட்டும் அழிந்திருக்கலாம். இன்னொரு ஊனோவில் 'ஆர்டுயினோ ஐஎஸ்பி' எக்ஸாம்பிளை ஏற்றி, அதை வைத்து இதற்குப் பூட்லோடரைத் திரும்ப எழுதலாம். எழுதும் போர்டில் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் எழுதும் போர்டே ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும்.

அக்கா, உங்ககிட்ட கேக்கணும்னா என்னென்ன அனுப்பணும்?

போர்டின் மேல்பக்கப் படம், யூஎஸ்பி சிப்பின் எழுத்து தெரியும்படி. டூல்ஸில் தேர்ந்தெடுத்த போர்டு பெயர், போர்ட். விண்டோஸா லினக்ஸா, எந்தப் பதிப்பு. பிழைச் செய்தி முழுவதும், நகலெடுத்து எழுத்தாக. திரையை ஃபோனில் சாய்த்து எடுத்த படத்தில் கடைசி இரண்டு வரிதான் தெரியும், காரணம் பெரும்பாலும் முதல் சிவப்பு வரியில் இருக்கும். எந்தச் சோதனை வரைக்கும் தேறியது என்பதையும் எழுதுங்கள்: கேபிளில் படம் போனதா, போர்ட் தோன்றியதா, 100 போட்ட பிளிங்க் ஏறியதா.